நாலாம் மாசத்து ராத்திரி

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை தூங்கிய பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

84 வேலை நாள். அரசாங்க ஆசிரியைகளான எங்களுக்குப் பிள்ளை பிறந்தால் கிடைக்கும் முழுச் சம்பள லீவு அவ்வளவுதான். சனி, ஞாயிறு, போயா, பெருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எண்ணினால் கிட்டத்தட்ட நாலு மாசம் வரும். அதற்கு மேல் இன்னொரு 84 நாள் அரைச் சம்பளத்தோடு எடுக்கலாம், அதற்கும் மேல் 84 நாள் சம்பளமே இல்லாமல் எடுக்கலாம். வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த நாலாம் மாசத்தில்தான் வீட்டில் இன்னொரு காரியம் நடக்கிறது. லீவு முடிந்து திரும்பி வரும் இளம் ஆசிரியைகள் ஸ்டாஃப் ரூமில் சொல்லும் கதை வருஷா வருஷம் ஒன்றுதான். "மூணு மாசம் வரைக்கும் புள்ள நல்லாத் தூங்கிச்சு டீச்சர். இப்ப மணிக்கு ஒருதரம் முழிக்குது. பால் குடுத்தாலும் சரிவரல்ல. எனக்குப் பால் வத்திட்டா? கண்ணூறு பட்டிட்டா?" எனக்கும் என் இரண்டாவது பிள்ளைக்கு இதுவே நடந்தது. முதல் பாடவேளையில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு என்ன எழுத வந்தேன் என்று யோசித்த நாட்கள் உண்டு.

நான் வரலாறு படிப்பிக்கிறவள். ஒரு கஷ்டம் வந்தால் இது எப்போது தொடங்கியது, நமக்கு முந்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்ப்பது பழக்கம். தேடிப் பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை ராத்திரியில் முழிப்பது ஆதியிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. பெரியவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், ராத்திரியில் பிள்ளையைத் தூக்க வீட்டில் எத்தனை கை இருக்கிறது, இந்த இரண்டும்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

முதலில் அந்த முழிப்பு என்னவென்று பார்ப்போம். அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் கிளைட்மன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். வாழ்நாள் முழுக்கத் தூக்கத்தையே ஆராய்ந்தவர். மனிதன் 24 மணித்தியால நாளை விட்டு 28 மணித்தியால நாளுக்குப் பழகுவானா என்று பார்க்க 1938இல் மாமத் குகைக்குள் 32 நாள் போய் இருந்தவர். அவரிடம் 1950களின் தொடக்கத்தில் யூஜின் அசரின்ஸ்கி என்ற மாணவர் வந்து சேர்ந்தார். தூங்கும் குழந்தைகளின் கண்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டிரு என்று அவருக்கு வேலை கொடுத்தார் பேராசிரியர். அதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இருக்குமா? ஆனால் அசரின்ஸ்கி மணிக்கணக்காகப் பார்த்தார். மூடிய இமைக்குள் கண் அசையும் நேரமும் அசையாத நேரமும் மாறி மாறி ஒழுங்காக வருவதைக் கண்டார். பிறகு ஒரு பழைய மின்னலைக் கருவியைத் தன் எட்டு வயது மகனுக்குப் பூட்டிப் பார்த்தார். கனவுத் தூக்கம் என்று இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் கண்டுபிடிப்பு 1953இல் அப்படித்தான் வெளியே வந்தது. அதன் தொடக்கம் தூங்கும் கைக்குழந்தைகளுக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். எங்கள் வீட்டு உம்மாமார் எல்லோரும் சம்பளமில்லாமல் செய்த ஆராய்ச்சி அது.

அதற்குப் பிறகு தெரியவந்தது இதுதான். புதிதாகப் பிறந்த பிள்ளை கண்ணை மூடியதும் நேராக அந்த அசையும் தூக்கத்துக்குள் போகும். முகம் சுளிக்கும், சிரிக்கும், கை உதறும். அதற்கு ராத்திரி பகல் தெரியாது. ஒரு சுற்று 50, 60 நிமிஷம். மூன்று, நாலு மாசமாகும்போது மூளை வளர்ந்து தூக்கத்தின் ஒழுங்கே மாறுகிறது. பெரியவர்களைப் போல முதலில் அமைதியான தூக்கம், பிறகு ஆழ்ந்த தூக்கம், பிறகு கனவு என்று படிகள் உண்டாகின்றன. ராத்திரி எது, பகல் எது என்று உடம்புக்குள் ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்குவதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது பிள்ளை கொஞ்சம் மேலே வருகிறது. நாமும் அப்படி மேலே வருகிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறோம். பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. மடியில் தூங்கிய பிள்ளை கண் திறந்தால் மடியைத் தேடும். ஆக, நாலாம் மாச முழிப்பு பிள்ளை பின்னால் போனதற்கு அடையாளம் இல்லை, வளர்ந்ததற்கு அடையாளம்.

1957இல் லண்டனில் மூர், உக்கோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 160 குழந்தைகளின் ராத்திரிகளைப் பற்றி எழுதினார்கள். நடுச்சாமம் 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை சத்தமில்லாமல் இருந்தால் 'பிள்ளை படிந்துவிட்டது' என்று கணக்கு. மூன்று மாசத்தில் 70 சதவீதம் படிந்துவிட்டன, ஆறு மாசத்தில் 83 சதவீதம். பத்தில் ஒன்று முதல் வருஷம் முழுக்கப் படியவே இல்லை. முக்கியமான விஷயம் அடுத்தது: படிந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி பிறகு மறுபடியும் முழிக்கத் தொடங்கின. ஸ்டாஃப் ரூமில் நாம் பேசும் அதே கதை, 60 வருஷத்துக்கு மேல் பழையது. பின்னர் 1970களின் கடைசியில் தோமஸ் அண்டர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் பிள்ளைகளின் ராத்திரியை வீடியோவில் எடுத்துப் பார்த்தார். "எங்கள் பிள்ளை விடிய விடியத் தூங்கும்" என்று தாய்மார் சொன்ன பிள்ளைகளும் நடுவில் முழிக்கத்தான் செய்தன. அழாமல் தாமாகவே மறுபடி தூங்கிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி உங்களைக் குறை சொல்கிற மாமிமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இனிப் பழைய காலம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சுமார் 4,000 வருஷத்துக்கு முந்திய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று உண்டு. அழுகிற பிள்ளையை அமைதிப்படுத்த ஓதும் சொற்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளையின் சத்தத்தால் வீட்டைக் காக்கும் தெய்வத்தின் தூக்கம் கெட்டுப்போனதாக அதில் முறைப்பாடு! எழுத்து என்ற ஒன்று கிடைத்ததும் மனிதன் வரிக் கணக்கை எழுதினான், அரசனின் பெயரை எழுதினான், அதோடு இதையும் எழுதி வைத்தான் என்றால் அந்த வீட்டில் எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும்.

இப்னு ஸீனா (980-1037) தன் மருத்துவப் பெருநூலான அல்-கானூனில் கைக்குழந்தைக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார். அதிக சூடும் குளிரும் இல்லாத, வெளிச்சம் குறைந்த அறையில் தூங்க வைக்க வேண்டும், மெதுவாக ஆட்ட வேண்டும், பாட வேண்டும் என்கிறார். ஆட்டுவது உடம்புக்கு, பாட்டு மனசுக்கு என்பது அவர் கருத்து. ஆயிரம் வருஷம் கழித்து இன்று குழந்தை வைத்தியர்கள் சொல்வதில் இருட்டறையும் அளவான குளிர்ச்சியும் அப்படியே இருக்கின்றன. பிள்ளை அழும் சத்தம் கேட்டால், பின்னால் நின்று தொழும் தாயின் மனம் படும் பாட்டை நினைத்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதை நான் ஒரு வரலாற்றுச் செய்தியாகவும் வாசிக்கிறேன். அழும் பிள்ளையோடு தாய் பள்ளிவாசலில் இருந்தாள், அந்த அழுகைக்காகச் சபை தன் நேரத்தை மாற்றிக்கொண்டது.

தமிழில் தாலாட்டு எவ்வளவு பழையது என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. எழுத்தில் வந்ததில் பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடியது பெயர்பெற்றது. பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் என்றே ஒரு பகுதி உண்டு, நமது புலவர்களும் நபிநாயகம் பேரில் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். மலையகத் தாய்மாரின் பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திருக்காவிட்டால் அவற்றில் எத்தனையோ மறந்துபோயிருக்கும். நம் வீட்டில் ஆராரோ, சிங்கள வீட்டில் தொயி தொயி. நாட்டார் தாலாட்டைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். மாமன், மாமி, சித்தி, பாட்டி என்று உறவுகளை வரிசையாகக் கூப்பிட்டு, யார் அடித்தார், யார் என்ன கொண்டு வந்தார் என்று கேட்டுக்கொண்டே போகும். பிள்ளைக்கு அந்த அர்த்தம் தெரியாது. தனியாக முழித்திருக்கும் தாய்க்கு அந்த நேரத்தில் அத்தனை பேரும் பக்கத்தில் இருப்பது போல ஓர் ஆறுதல்.

பல்லேகலைக்கு வருவோம். இன்று கிரிக்கெட் மைதானத்தையும் கைத்தொழில் பேட்டையையும் சொன்னால்தான் வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்த தும்பறைப் பக்கம் கோப்பித் தோட்டம், பிறகு கோகோ. கண்டி மலைகளில் கோப்பி இருந்த காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரில் பெரும்பாலானோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, சில வருஷங்களில் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1867இல், இதே கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்திருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை தேவைப்பட்டது. குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். தோட்டத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லை. ஏற்றுமதி எத்தனை இறாத்தல் என்று இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தூங்கினார்கள். ஒரே காம்பராவில் அடுப்பு, புகை, தாய் தகப்பன், மூத்த பிள்ளைகள், சில நேரம் பாட்டனும் பாட்டியும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். நடுச்சாமத்தில் ஒரு பிள்ளை அழுதால் லயமே முழிக்கும். விடியுமுன்னே தப்புச் சத்தம், பிறகு பெரட்டு. பெரட்டுக்குப் பிந்தினால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ராத்திரி பிள்ளை எத்தனை தரம் எழுப்பியது என்று கங்காணி கேட்க மாட்டார்.

பிள்ளையை எங்கே விடுவது? அதற்குத்தான் பிள்ளைக் காம்பரா. சில தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். உத்தரத்தில் வரிசையாகப் பழைய சேலைகளைக் கட்டி ஏணை போட்டிருக்கும். மலையில் ஏற முடியாத ஒரு வயசான அம்மா ஒரு கையால் ஓர் ஏணையையும் மறு கையால் இன்னொன்றையும் ஆட்டுவார். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தாய் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவாள். இதைத் தோட்டத்துரையின் கருணை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாய் மலைக்குப் போகாவிட்டால் கொழுந்து முற்றிவிடும், அவ்வளவுதான் காரணம். ஆனாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு வேலைத்தளத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடமும், ஆட்ட ஓர் ஆளும், நடுவில் வந்து பால் கொடுக்க நேரமும் வேண்டும் என்பது இந்த நாட்டில் முதலில் வழக்கமானது தேயிலைத் தோட்டத்தில்தான். 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னால் வந்த திருத்தங்களில், ஒரு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உரிமையானது. இன்று அந்தப் பிள்ளைக் காம்பராக்களில் பல சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயர்ப்பலகையோடு நடக்கின்றன. கண்டி நகரத்தில் எத்தனை அலுவலகத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளையின் தூக்கம் திடீரென்று மாறினால் பயம் வரும், அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி நுளம்பு பெருகியது. மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் மோசமாக அடிபட்டது. 1935இல் இலங்கையில் உயிரோடு பிறந்த 1,000 பிள்ளைகளில் 263 பிள்ளைகள் ஒரு வயசு காணவில்லை. நாலில் ஒன்றுக்கு மேல். நேற்று வரை தூங்கிய பிள்ளை இன்று ராத்திரி முழிக்கிறது என்றால் அந்தத் தாய்க்கு முதலில் எது நினைவுக்கு வந்திருக்கும்? லெப்பையிடம் ஓதிய தண்ணீர், கையில் கறுப்பு நூல், சிங்கள வீட்டில் பிரித் நூல், தோட்டத்தில் மந்திரித்த திருநீறு. படித்தவர்கள் இதைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சிரிப்பது சுலபம். நாலில் ஒரு பிள்ளை போய்க்கொண்டிருந்த ஊரில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

அந்த எண்ணைக் குறைத்ததில் பெரிய பங்கு, சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகப் போன பெண்களுக்கு உண்டு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த முறை நாடு முழுக்கப் பரவி, இன்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மிட்வைஃப் மிஸ் இருக்கிறார். இலங்கையில் இப்போது ஆயிரத்துக்குப் பத்துப் பிள்ளைகூட இறப்பதில்லை. இதே முழிப்பை இன்று நாம் 'தூக்கப் பிரச்சினை' என்று சொல்ல முடிவதே அவர்களால்தான். பிள்ளை பிழைக்குமா என்ற கேள்வி போய், நாளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்ற கேள்வி வந்திருக்கிறது. சின்னக் கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வேறு கேள்வி.

தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. அதுவும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? போத்தல் வந்தது. இங்கிலாந்தில் நூற்பாலைகள் எழுந்த காலத்தில் பாதி ராத்திரி முழித்த தாய் விடியற்காலைச் சங்குக்கு ஆலைக்குப் போக வேண்டும். கொட்ஃப்ரேஸ் கோர்டியல் என்ற சிரப்பை ஒரு கரண்டி கொடுத்தால் பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கும். உள்ளே இருந்தது அபின். அமெரிக்காவில் 1849இலிருந்து விற்ற மிஸிஸ் வின்ஸ்லோவின் சிரப்பில் மோர்ஃபின். கரண்டி கொஞ்சம் கூடினால் பிள்ளை எழும்புவதே இல்லை. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லி என்று வெளிப்படையாகக் கண்டித்தது. கடல் தாண்டிய கதை என்று நினைக்க வேண்டாம். 1920களின் தொடக்கத்தில் பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு பெண் வைத்தியர் விசாரித்தபோது, 98 சதவீதம் பிள்ளைகளுக்கு அபின் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. பாலகோலி என்று சின்ன உருண்டையாகக் கடையில் விற்றார்கள். தாய்மார் கெட்டவர்களா? ஆலைச் சங்கு, பிள்ளை, ஒரே ஒரு தாய். மூன்றையும் ஒன்றாக வைத்தால் இந்த உருண்டை வந்து நிற்கிறது.

நம் எல்லோர் வீட்டு அலுமாரியிலும் இருந்த கிரைப் வாட்டரும் இதே காலத்துப் பிள்ளைதான். 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் தயாரித்தது. அதில் அபின் இல்லை, சதகுப்பை எண்ணெய், சோடா, இனிப்பு, அதோடு 3.6 சதவீதம் மதுசாரம். ஹராம் ஹலால் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட நம் உம்மும்மாமார் தெரியாமலே கரண்டி கரண்டியாகக் கொடுத்திருக்கிறார்கள்! இப்போது விற்பதில் மதுசாரம் இல்லை. வசம்பு இன்னொரு கதை. தமிழில் அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பேர், ராத்திரியில் பேர் சொல்லக் கூடாது என்று 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். சிங்களத்தில் வதகஹ. கையில் கட்டுவதோடு நின்றால் சரி. உரைத்து நாக்கில் தடவுவதை இன்று வைத்தியர்கள் வேண்டாம் என்கிறார்கள். முதல் ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

போத்தலுக்குப் பிறகு புத்தகம் வந்தது. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற வைத்தியர், மனநல வைத்தியசாலை ஒன்றின் தலைவர், அதன் பண்ணையில் கன்றுக்குட்டிகளுக்கு ஒழுங்காகப் பால் கொடுத்து அவற்றின் சாவைக் குறைத்தவர். 1907இல் தாய்மாருக்காக ஒரு சங்கம் தொடங்கினார். தாய்ப்பாலை அவர் வலியுறுத்தியது நல்ல காரியம். ஆனால் நாலு மணிக்கு ஒருதரம் மட்டும் பால், ராத்திரியில் பாலே இல்லை, அழுதால் தூக்கக் கூடாது என்றார். பேரரசு முழுக்க அந்த முறை பரவியது. அமெரிக்காவில் ஜோன் வாட்சன் 1928இல் எழுதிய புத்தகத்தில் பிள்ளையைக் கொஞ்ச வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று வருகிறது. ஆசிரியர் கலாசாலையில் நடத்தைவாதம் பாடத்தில் வாட்சனைப் படித்துப் பரீட்சை எழுதினோம். அந்தக் கைகுலுக்கல் பாடத்தில் இல்லை. இருந்திருந்தால் சிரித்துக்கொண்டாவது நினைவில் வைத்திருப்போம். 1946இல் டொக்டர் ஸ்பொக் வந்து, உங்களுக்குத் தெரிந்ததை நம்புங்கள் என்று தாய்மாரிடம் சொன்னபோது உலகமே பெருமூச்சு விட்டது.

அதே ஸ்பொக்கின் 1950களின் பதிப்புகளில் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்ன ஆலோசனைதான் பின்னால் பெரிய துக்கமானது. வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்கும் என்ற எண்ணத்தில், நல்ல நோக்கத்தோடு சொன்னது. குப்புறப் படுத்த பிள்ளை நீளமாகத் தூங்கும் என்பதும் உண்மை. மேற்கு நாடுகளில் காரணம் தெரியாமல் தொட்டிலில் பிள்ளைகள் இறந்தன. 1985இல் டேவிஸ் என்ற வைத்தியர் ஹொங்கொங்கில் இந்தச் சாவு மிக அரிதாக இருப்பதைக் கவனித்து எழுதினார். அங்கே பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைப்பது வழக்கம். 1991இல் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பெரிய பிரசாரம் நடந்தது. சில வருஷங்களிலேயே அந்தச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆசியப் பாட்டிமார் புத்தகம் இல்லாமல் செய்துவந்த காரியத்துக்குப் புத்தகக்காரர்கள் வந்து சேர 30 வருஷத்துக்கு மேல் எடுத்தது. இதற்காக, பாட்டிமார் செய்தது எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வசம்பை மேலேதான் பார்த்தோம்.

இப்போது யூடியூப்பில் இதற்குப் 'பின்னடைவு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பரப்பியதில் பெரிய பங்கு ஹொலந்தின் பிளோய் தம்பதிக்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் தன்சானியாவின் கொம்பே காட்டில் சிம்பன்சிக் குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து, மனிதக் குழந்தைகளும் குறித்த கிழமைகளில் தாயை ஒட்டிக்கொள்கின்றன என்று 1992இல் புத்தகம் போட்டார்கள். அதே நாட்டில் பிறகு நடந்த ஓர் ஆய்வில் அந்தக் கிழமைக் கணக்கு சரிவரவில்லை. ஆகவே 'பதினேழாம் கிழமை வந்துவிட்டது, இன்று ராத்திரி தொடங்கும்' என்று கலண்டரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு தூக்க வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அந்தக் கலண்டர் தேவை, நமக்கு இல்லை.

நம் பக்கத்துக் காரியத்துக்கு வருகிறேன். பல்லேகலை கைத்தொழில் பேட்டைக்குப் போகும் பிள்ளைகள் காலை இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். குண்டசாலை, திகன, மெனிக்கின்ன எல்லாப் பக்கமும் இருந்து வருகிறார்கள். பலர் சின்னப் பிள்ளைகளின் தாய்மார். பெரட்டுக்குப் பதில் கைரேகை மெஷின். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கமாவது ஆள் இருந்தது. இன்று வாடகை அறையில் புருஷன், மனைவி, பிள்ளை. உம்மா மாத்தளையிலோ அக்குறணையிலோ. புருஷன் கட்டாரில் என்றால் அதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் எனக்கு உதவியது ராத்திரியை இரண்டாகப் பிரித்தது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒருவர், அதற்குப் பிறகு மற்றவர். பால் கொடுக்க மட்டும் என்னிடம் வரும், தூக்கி நடப்பது, துணி மாற்றுவது, ஆட்டுவது எல்லாம் முறைக்காரர் வேலை. தொடர்ந்து நாலு மணித்தியாலம் தூங்கினால் மனுஷி மனுஷியாக இருக்கலாம். வாப்பாமார் இதை வாசித்தால் கொஞ்சம் யோசியுங்கள், ஏணை ஆட்டப் பால் தேவையில்லை. ராத்திரியில் பெரிய லைட்டைப் போடாதீர்கள், போனை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், பேச்சுக் கொடுத்து விளையாட்டுக் காட்டாதீர்கள். காலையில் முற்றத்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், உள் மணிக்கூடு அப்படித்தான் பழகும். தூக்கம் வந்து கண் சொருகும்போதே, முழுக்கத் தூங்குமுன், பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பாருங்கள். பத்தில் மூன்று தரம் சரிவந்தாலே பெரிய விஷயம். பஞ்சுத் தலையணையும் தடித்த போர்வையும் முகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். களைத்துப்போய்க் கதிரையில் பிள்ளையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. அந்த நிலை வந்தால் பக்கத்து வீட்டைத் தட்டி எழுப்பினாலும் பாவமில்லை.

காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் மேலே எழுதிய வரலாறு எதுவும் பொருந்தாது. உடனே ஆஸ்பத்திரி. அழுகை தாங்காமல் பிள்ளையை உலுக்கத் தோன்றினால் பிள்ளையைப் பத்திரமாகப் பாயில் கிடத்திவிட்டு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். தாய்க்கே நாள் முழுக்க அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அதுவும் அவர்கள் பார்க்கும் வேலைதான்.

இந்த விஷயத்தில் நம் கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் கதை எங்கேயும் எழுதப்பட்டதாக நான் காணவில்லை. ஆகவே ஒரு கேள்வியோடு நிறுத்துகிறேன். உங்கள் உம்மும்மா, வாப்பும்மா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் பிள்ளை பெற்ற காலத்தில் நடுச்சாமத்தில் பிள்ளையை யார் தூக்கினார்கள்? என்ன பாடினார்கள்? நோன்பு மாசத்தில் சஹருக்குப் பாவாமார் றபான் அடித்துக்கொண்டு தெருவில் போகும்போது பிள்ளை முழித்ததா, தூங்கியதா? பாட்டு நினைவிருந்தால் அவர்கள் குரலிலேயே போனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாய்மொழி வரலாற்றுப் பாடத்தில் போட்டுக் காட்ட வேண்டும்.